அமெரிக்க ரெஸ்டாரண்டில் டிப்ஸ்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் புதிதாகப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாக்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பில் மேசைக்கு வந்த பிறகு அவசர அவசரமாக "எவ்வளவு போடணும்?" என்று மெசேஜ் வரும். நானும் ஒரு எண்ணை அனுப்பிவிடுவேன், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்ல அப்போது நேரம் இருக்காது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே பொறுமையாக எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி இருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. டிப்ஸ் கட்டாயமா? குடுக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?

சட்டப்படி கட்டாயம் இல்லை. நீங்கள் பூஜ்யம் என்று எழுதிவிட்டு எழுந்து போனாலும் யாரும் உங்களைத் தடுக்க முடியாது. அபூர்வமாக மேனேஜர் வந்து "ஏதாவது குறை இருந்ததா?" என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், அதாவது ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து ஆர்டர் எடுத்து, சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்து, தண்ணீர் தீரத் தீர ஊற்றும் இடத்தில், டிப்ஸையும் சாப்பாட்டு விலையின் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் 20 டாலர் என்று இருந்தால் வரியும் டிப்ஸும் சேர்ந்து 25 டாலருக்குப் பக்கத்தில் வரும் என்ற கணக்கோடு உள்ளே போங்கள். அது கட்டுப்படியாகாது என்று தோன்றும் நாளில் வேறு இடத்தில் சாப்பிடலாம், அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

2. வேலைக்கு வச்சவங்க சம்பளம் குடுக்க மாட்டாங்களா? அதை நான் ஏன் குடுக்கணும்?

நியாயமான கேள்வி. இந்தப் பதிலில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அதே தொகைதான். ஆனால் வழக்கமாக டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இந்த ஏற்பாடு 1966-இல் சட்டத்துக்குள் வந்தது. 2.13 என்ற தொகை 1991-க்குப் பிறகு ஒரு சென்ட் கூட ஏறவில்லை. 1991-இல் பிறந்த குழந்தைக்கு இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டது, அதே கூலி.

டிப்ஸ் குறைவாக வந்து மொத்தம் 7.25-ஐத் தொடவில்லை என்றால் முதலாளி அந்த வித்தியாசத்தைப் போட்டுத் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தாளில் அது சரி. ஆனால் அப்படிக் கேட்டு வாங்கும் நிலையில் எல்லா சர்வரும் இருப்பதில்லை, கேட்டால் அடுத்த வாரம் நல்ல ஷிப்ட் கிடைக்காமல் போகலாம். வரி, பிடித்தம் எல்லாம் போனபின் 2.13 டாலர் சம்பளக் காசோலையில் சில சமயம் ஒன்றுமே மிஞ்சாது. அவர்கள் வாடகை கட்டுவது நீங்கள் அந்தத் துண்டுச் சீட்டில் எழுதும் எண்ணில்தான்.

3. எல்லா மாநிலத்துலயும் 2.13 இல்லைன்னு சொல்றாங்களே?

உண்மைதான். டெக்சஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற இடங்களில் அதே 2.13. பல மாநிலங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கின்றன. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மான்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தச் சலுகையே கிடையாது, டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாநிலத்தின் முழுக் குறைந்தபட்சக் கூலியை முதலாளிதான் தரவேண்டும்.

அப்போது அந்த ஏழு மாநிலங்களில் டிப்ஸ் வேண்டாமா என்றால், வழக்கம் அங்கேயும் அதேதான், 18, 20 சதவீதம் என்றே எதிர்பார்க்கிறார்கள். என் கருத்து என்னவென்றால், அங்கே 15 சதவீதம் கொடுத்தால் மனம் உறுத்த வேண்டியதில்லை, ஆனால் கூலி முழுதாகக் கிடைக்கிறதே என்று ஒன்றுமே கொடுக்காமல் வருவது சரியில்லை. சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வீட்டு வாடகை என்னவென்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

4. சரி, எவ்வளவுதான் குடுக்கணும்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க.

20 சதவீதம். ஒரே எண் வேண்டும் என்றால் இதுதான், கணக்குப் போடவும் சுலபம். பில் 47 டாலர் என்றால் புள்ளியை ஒரு இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள், 4.70. அதை இரட்டியுங்கள், 9.40. முடிந்தது.

கொஞ்சம் விரிவாக வேண்டுமென்றால்: 15 என்பது இன்று கீழ் எல்லை, "சுமார்தான்" என்று சொல்வதற்குச் சமம். 18 சாதாரணம். 20 நல்ல சேவைக்கு. அதற்கு மேல் உங்கள் மனம்போல. சிறுவயதுப் பிள்ளைகளோடு போய் மேசையும் தரையும் சோறாக்கிவிட்டு வந்தால், அல்லது கூட்டமான நேரத்தில் இரண்டு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் 20-க்கு மேல் கொடுங்கள். அந்த நேரத்தில் அந்த மேசையில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் சர்வருக்கு இன்னொரு டிப்ஸ் வந்திருக்கும். பில் மிகச் சிறியதாக இருந்தால் சதவீதத்தை மறந்துவிடுங்கள். 6 டாலருக்குக் காபியும் ஒரு பண்டமும் சாப்பிட்டுவிட்டு 1.20 வைப்பதைவிட 2 டாலர் வைப்பது மரியாதை.

5. வரியையும் சேர்த்துக் கணக்கு போடணுமா?

வேண்டாம். வரி அரசுக்குப் போகிறது, அதற்கு யாரும் பரிமாறவில்லை. பில்லில் வரிக்கு முன்னால் ஒரு கூட்டுத்தொகை இருக்கும், அதற்குத்தான் கணக்கு. ஆனால் பில்லின் அடியில் "18 சதவீதம் இவ்வளவு, 20 சதவீதம் இவ்வளவு" என்று அச்சிட்டுத் தரும் எண்களைச் சில இடங்களில் வரி சேர்த்த தொகைக்குப் போட்டிருப்பார்கள். 60 டாலர் சாப்பாட்டுக்கு 5 டாலர் வரி என்றால் 20 சதவீதம் 12 டாலர், அவர்கள் 13 என்று காட்டுவார்கள். ஒரு டாலருக்காகச் சண்டை போட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பில்லில் வித்தியாசம் தெரியும்.

6. கூப்பன் வச்சிருந்தேன், பில் பாதியா குறைஞ்சிடுச்சு. டிப்ஸும் பாதிதானா?

இல்லை. தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குக் கொடுக்க வேண்டும். தள்ளுபடி கொடுத்தது கடை. நான்கு தட்டு சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு வேலை பாதியாகவில்லை. கிஃப்ட் கார்டில் சாப்பிட்டாலும், ஏதோ தாமதத்துக்காக ஒரு பண்டத்தை இலவசமாக்கினாலும் இதே கணக்குதான்.

7. கார்டை எடுத்துட்டுப் போய் ரெண்டு சீட்டு கொண்டு வந்தாங்க. எதுல என்ன எழுதணும்?

முதல் முறை எல்லோரும் திகைக்கும் இடம் இது. சர்வர் ஒரு சின்ன அட்டைக்குள் பில்லை வைத்துத் தருவார். நீங்கள் கார்டை அதற்குள் வைத்தால் எடுத்துக்கொண்டு போவார், திரும்பி வரும்போது கார்டோடு இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைக்குரிய சீட்டில் டிப்ஸ் என்ற கோட்டில் தொகையையும், மொத்தம் என்ற கோட்டில் இரண்டையும் கூட்டியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அவசரத்தில் தங்களுக்குரியதில் எழுதிவிட்டுக் கடைச்சீட்டை வெறுமையாக விட்டு வந்துவிடுகிறார்கள், அப்படி விட்டால் அந்த சர்வருக்கு ஒன்றும் கிடைக்காது.

கூட்டலைச் சரியாகப் போடுங்கள், டிப்ஸ் ஒன்று சொல்லி மொத்தம் வேறொன்று சொன்னால் குழப்பம். எழுதிய சீட்டை போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அப்புறம், சாப்பிட்டவுடன் வங்கிக் கணக்கில் பார்த்தால் டிப்ஸ் இல்லாத தொகைதான் காட்டும், ஓரிரு நாளில் அது டிப்ஸோடு சேர்ந்து மாறும். "இரண்டு முறை காசு எடுத்துவிட்டார்கள்" என்று வரும் புகார்களில் பாதிக்கும் மேல் இதுதான். ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள், எழுதியதைவிட அதிகம் எடுத்திருந்தால் அந்தப் படத்தைக் காட்டிக் கடையில் கேளுங்கள், பிறகு கார்டு கம்பெனியில்.

8. கேஷா குடுத்தேன், மீதியே கொண்டு வரலை!

பணத்தைக் கொடுக்கும்போது "தேங்க் யூ" என்று சொல்லியிருப்பீர்கள். நாம் மரியாதைக்குச் சொல்வதை இங்கே பல சர்வர்கள் "மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள். திருடவில்லை, அது இங்கே உள்ள பேச்சு வழக்கம். மீதி வேண்டுமென்றால் கொடுக்கும்போதே சில்லறை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிடைத்த மீதியிலிருந்து டிப்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். சென்ட் காசுகளைக் குவித்து வைப்பது மட்டும் வேண்டாம், அது அவமதிப்பாகத் தெரியும், நோட்டாக வையுங்கள்.

9. ஏற்கெனவே பில்லுல 18 சதவீதம் போட்டிருக்காங்க. அதுக்கு மேலயும் குடுக்கணுமா?

வேண்டாம். ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டமாகப் போனால் பல இடங்களில் அவர்களே கிராஜுவிட்டி (இங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று ஒரு தொகையைச் சேர்த்துவிடுவார்கள், பெரும்பாலும் 18 அல்லது 20 சதவீதம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இதைப் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே இன்னொரு டிப்ஸ் கோடும் காலியாக இருக்கும், அதைப் பார்த்துப் பலர் இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் பில்லை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். அந்தக் காலி இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு மொத்தத்தை எழுதினால் போதும். அந்த சர்வர் அசத்திவிட்டார் என்றால் கூடுதலாகச் சில டாலர் கொடுங்கள், கட்டாயமில்லை.

10. "சர்வீஸ் சார்ஜ்"னு போட்டிருக்கே, அதுவும் டிப்ஸ்தானே?

இங்கேதான் சிக்கல். டிப்ஸ் என்றால் நீங்களாக, எவ்வளவு என்று நீங்களே தீர்மானித்துக் கொடுப்பது. கடை தானாகச் சேர்க்கும் எந்தத் தொகையும் வரித்துறையின் கண்ணில் டிப்ஸ் இல்லை, அது கடையின் வருமானம். 2012-இல் வரித்துறை இதைத் தெளிவாகச் சொல்லி, 2014 தொடக்கத்திலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. முந்தைய கேள்வியில் சொன்ன அந்த 18 சதவீதமும் இந்தக் கணக்கில்தான் வரும், கடை அதை சர்வருக்குச் சம்பளமாகச் சேர்த்துத் தரலாம், பெரும்பாலும் தருகிறார்கள்.

ஆனால் "சர்வீஸ் சார்ஜ்", "கிச்சன் ஃபீ", "ஊழியர் நலக் கட்டணம்" என்று 3, 4, 5 சதவீதம் போடுவார்களே, அது உங்களுக்குப் பரிமாறியவர் கைக்குப் போகிறதா என்பது கடைக்குக் கடை வேறு, மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு. ஒரே வழி, கேட்பது. "இது சர்வருக்குப் போகிறதா?" என்று சர்வரிடமே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். போகிறது, 18-க்கு மேல் என்றால் அதோடு விட்டுவிடலாம். போகவில்லை என்றால் வழக்கமான டிப்ஸ் கொடுத்துத்தான் ஆகவேண்டும், கோபம் வந்தால் அதை மேனேஜரிடம் காட்டுங்கள்.

11. பார்சல்தான் வாங்கிட்டுப் போறேன். அதுக்கும் டிப்ஸா?

எதிர்பார்ப்பு மிகக் குறைவு. நீங்களே போய் கவுன்டரில் பையை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் பூஜ்யம் போட்டாலும் தப்பில்லை. நான் 10 சதவீதம் வரை வைப்பது இரண்டு சமயங்களில்: பெரிய ஆர்டராக இருந்து, ஒருவர் கால் மணி நேரம் நின்று ஒவ்வொரு டப்பாவாகச் சரிபார்த்துக் கட்டிக் கொடுத்தால், அல்லது மழையிலோ பனியிலோ கார்வரை கொண்டு வந்து கொடுத்தால். உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்டில் பார்சல் வாங்கும்போது அதைக் கட்டுபவர் பல நேரம் அந்த 2.13 டாலர் சர்வர்தான், பரிமாறி டிப்ஸ் வாங்க வேண்டிய நேரத்தில் உங்கள் பையைக் கட்டிக்கொண்டிருப்பார். அங்கே ஓரிரண்டு டாலர் வைத்தால் நல்லது.

12. கவுன்டர்ல ஐபேடைத் திருப்பி 20, 25, 30ன்னு காட்டுறாங்க, பின்னாடி வரிசை நிக்குது, கை தானா 20-ஐ அழுத்திடுது.

இந்த மெசேஜ் எனக்கு வந்த அளவுக்கு வேறெதுவும் வந்ததில்லை. பணம் வாங்கும் அந்தக் கருவியில் டிப்ஸ் கேட்கும் இந்தத் திரை ஏற்கெனவே தயாராக இருக்கிறது, கடைக்காரர் அதைப் போட்டு வைத்தால் போதும், எல்லா விற்பனைக்கும் கேட்கும். ஒரு பாட்டில் தண்ணீரை நீங்களே ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தாலும் கேட்கும். கேட்கிறது என்பதால் கடமை வந்துவிடாது. "நோ டிப்" என்ற பொத்தானும் அங்கேயே இருக்கும், சில இடங்களில் சின்னதாகக் கீழே. "கஸ்டம்" என்பதை அழுத்தி ஒரு டாலர் என்று நீங்களே எழுதவும் முடியும்.

யாராவது உங்கள் மேசைக்கு வந்து பரிமாறப் போகிறார்களா? இல்லை என்றால் அது 11-ஆம் கேள்வியின் பதில். காபிக் கடையில் ஒருவர் நின்று உங்களுக்கென்று ஒரு பானம் தயாரிக்கிறார், ஒரு டாலர் போடுவது நல்ல வழக்கம், போடாவிட்டாலும் குற்றமில்லை. திரையைத் திருப்பும் அந்த இளைஞர் நீங்கள் எதை அழுத்துகிறீர்கள் என்று கண்காணித்துக்கொண்டிருப்பதில்லை, பின்னால் நிற்பவருக்கும் அவசரம்தான். அழுத்தத்தில் அழுத்தாதீர்கள். அப்படி மிஞ்சும் காசைச் சேர்த்து வைத்து, உங்களுக்கு உண்மையாகப் பரிமாறும் ஒருவருக்குக் கொடுங்கள்.

13. பஃபேல நாமதானே எடுத்துச் சாப்பிடுறோம்?

ஆமாம், ஆனால் தண்ணீர் ஊற்றியது, எச்சில் தட்டுகளை மூன்று முறை எடுத்தது, நீங்கள் எழுந்த பிறகு மேசை துடைத்தது எல்லாம் யாரோ ஒருவர். 10 சதவீதம் போதும். பானம், ரொட்டி எல்லாம் மேசைக்கே கொண்டு வந்தால் 15.

14. நம்ம ஊர்க்காரர் நடத்துற ரெஸ்டாரண்ட்தானே, அங்கேயுமா?

அங்கேயும். இட்லிக் கடையோ இத்தாலியக் கடையோ, சட்டம் ஒன்று, கூலியும் ஒன்று. முதலாளி தமிழில் பேசுகிறார், "வாங்க அண்ணா" என்று கூப்பிடுகிறார் என்பதால் பரிமாறும் பையனுக்குக் கூடுதல் சம்பளம் வந்துவிடாது. நம்மவர்கள் டிப்ஸ் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு சர்வர்களிடையே இருக்கிறது, நம் கடைகளிலேயே அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அது எனக்கு வலித்தது. இந்தப் பேச்சு இருக்கும்வரை அடுத்து அந்த மேசையில் உட்காரும் நம்மவருக்குக் கவனிப்பு குறையும், கொடுக்கிறவரும் சேர்ந்துதான் அதை அனுபவிக்கிறார்.

முதலாளியே தன் கையால் பரிமாறினால் அவருக்கு டிப்ஸ் தேவையில்லை. ஆனால் உதவிக்கு வேறு ஆட்கள் இருந்தால் வழக்கம்போல எழுதுங்கள். அந்தப் பணம் அவர்களுக்குப் போகவேண்டும், ஏன் என்று 18-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

15. டெலிவரி ஃபீ ஆறு டாலர் கட்டிட்டேனே, அதுக்கப்புறம் டிரைவருக்கு எதுக்கு?

டெலிவரி ஃபீ, சர்வீஸ் ஃபீ எல்லாம் ஆப் கம்பெனிக்குப் போகும் காசு, டிரைவர் கைக்கு நேராகப் போவதில்லை. டோர்டாஷ், ஊபர் ஈட்ஸ் போன்றவற்றில் ஓட்டுபவர்கள் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, சொந்த கார், சொந்த பெட்ரோல், சொந்த இன்ஷூரன்ஸ். அதனால் 2-இல் சொன்ன குறைந்தபட்சக் கூலிகூடப் பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குப் பொருந்தாது. நியூயார்க் நகரம் 2023-லும் சியாட்டில் 2024-லும் அவர்களுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச வருமானம் கொண்டு வந்தன, மற்ற பல இடங்களில் ஒரு ஓட்டத்துக்குக் கம்பெனி கொடுக்கும் அடிப்படைத் தொகை இரண்டு, மூன்று டாலராகவே இருக்கலாம்.

ஆர்டர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தது 4, 5 டாலர் கொடுங்கள். பெரிய ஆர்டர் என்றால் 15 முதல் 20 சதவீதம். இங்கே சதவீதத்தைவிடத் தூரம்தான் முக்கியம், 12 டாலர் சாப்பாட்டை எட்டு மைல் தள்ளியிருந்து கொண்டு வருபவருக்கு 2.40 கொடுத்தால் அது பெட்ரோலுக்கே போய்விடும். பனி, புயல், லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி என்றால் கூட்டிக் கொடுங்கள்.

16. சாப்பாடு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிப்ஸ் கேக்குறாங்க. வந்ததுக்கு அப்புறம் குடுத்தா என்ன?

டிரைவர் அந்த ஓட்டத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது அவருக்கு ஒரு உத்தேசத் தொகை திரையில் தெரியும், உங்கள் டிப்ஸையும் சேர்த்துத்தான். பூஜ்யம் போட்ட ஆர்டரை ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிவிடுவார்கள், சாப்பாடு கடையில் ஆறிக்கொண்டிருக்கும். அதனால் அதை ஓட்டத்துக்கான கூலி என்று நினைத்துக்கொண்டு முன்னாலேயே போடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: முன்னால் பெரிய தொகையைக் காட்டிவிட்டு, சாப்பாடு வந்ததும் ஆப்பில் போய்க் குறைப்பது. சில ஆப்களில் அது முடியும். ஒருவர் அந்தத் தொகையை நம்பி மழையில் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். பை கொட்டியிருந்தது, வேறு வீட்டில் வைத்துவிட்டார் என்றால் சரி, குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டில் ஒரு டப்பா விட்டுப்போனால் அது கடையின் தவறு, பை பெரும்பாலும் ஒட்டப்பட்டுத்தான் டிரைவர் கைக்கு வரும், ஆப்பிலேயே கடைமேல் புகார் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குங்கள்.

17. சர்வீஸ் படுமோசம். அப்பவும் 20 போடணுமா?

வேண்டாம். ஆனால் முதலில் யார் தவறு என்று பாருங்கள். சாப்பாடு உப்பாக இருந்தது, வர நேரமானது, கேட்ட பண்டம் தீர்ந்துவிட்டது எல்லாம் சமையலறையின் பிரச்சினை. ஒருவரே பன்னிரண்டு மேசையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார் என்றால் ஆள் போடாத மேனேஜரின் பிரச்சினை. அதற்கெல்லாம் சர்வரின் டிப்ஸைக் குறைத்தால் தவறு செய்தவருக்குத் தெரியவே தெரியாது. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் அந்தப் பண்டத்தைப் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

சர்வரே அலட்சியமாக இருந்தார், மேசைப் பக்கமே வரவில்லை என்றால் 10 சதவீதம். சர்வர் நம்மை அவமானப்படுத்தினால் மட்டும்தான் நான் பூஜ்யம் எழுதுவேன், அப்போதும் மேனேஜரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன். சொல்லாமல் பூஜ்யம் எழுதினால் "டிப்ஸ் தெரியாத ஆட்கள்" என்று நினைப்பார்களே தவிர, தங்கள் தவறு என்று நினைக்க மாட்டார்கள்.

18. நான் குடுக்கறது அந்த சர்வருக்கேதான் போகுதா, முதலாளி எடுத்துக்குவாரா?

முதலாளியோ மேனேஜரோ அதில் கை வைக்கக் கூடாது. 2018-இல் வந்த சட்டத் திருத்தம் இதை நேரடியாகவே தடுக்கிறது. 14-இல் சொன்ன முதலாளிக்கும் அதுதான். ஆனால் ஊழியர்களுக்குள் பங்கு பிரிப்பது உண்டு, மேசை துடைப்பவர், பானம் கலப்பவர் எல்லோருக்கும் ஒரு பங்கு. எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கும் கடை என்றால் சமையல்காரர்களையும் அதில் சேர்க்கலாம்.

இந்தப் பங்கு பிரிப்பில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. இங்கேயே வளர்ந்த என் தோழியின் மகள் கல்லூரி நாட்களில் சர்வராக இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பல கடைகளில் மற்றவர்களுக்கான பங்கு சர்வருக்கு வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, அவர் விற்ற தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 டாலர் சாப்பிட்டவர் ஒன்றும் வைக்காமல் போனாலும் அவள் 3 டாலரை மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பரிமாறியதற்கு அவள் காசு கொடுத்திருக்கிறாள். இதைக் கேட்ட நாளிலிருந்து, மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில், தகுந்த காரணம் இல்லாமல் என்னால் 15-க்குக் கீழே எழுத முடிந்ததில்லை.

கேஷா கார்டா என்றும் கேட்பார்கள். கார்டில் கொடுக்கும் டிப்ஸிலிருந்து கார்டு கட்டணத்தின் பங்கைக் கழித்துக்கொள்ள நாட்டுச் சட்டம் கடையை அனுமதிக்கிறது, கலிபோர்னியாவில் அது கூடாது. கேஷ் அன்றே கைக்கு வரும். இரண்டில் எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்குவார்கள், இருந்தால் கேஷ்.

19. இப்போ டிப்ஸுக்கு வரியே இல்லையாமே, அப்போ கொஞ்சம் குறைச்சுக் குடுக்கலாமா?

2025 ஜூலையில் வந்த சட்டம் அது. வரியே இல்லை என்பது சரியல்ல. வழக்கமாக டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், 2025 முதல் 2028 வரை மட்டும். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) இரண்டுக்குமான பிடித்தம் அப்படியே இருக்கிறது. குறைந்த வருமானத்தில் ஏற்கெனவே வருமான வரியே கட்டாத சர்வர்களுக்கு இதனால் ஒன்றும் கூடவில்லை. அதனால் இதை வைத்து டிப்ஸைக் குறைக்காதீர்கள். இன்னொன்று, இந்தச் சலுகை வாடிக்கையாளர் தானாகக் கொடுப்பதற்குத்தான், கடை கட்டாயமாகச் சேர்த்த சர்வீஸ் சார்ஜுக்குப் பொருந்தாது. 9, 10-இல் சொன்ன வித்தியாசம் இங்கேயும் வேலை செய்கிறது.

20. பத்து ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போனோம், ஆளாளுக்குக் காசு போட்டும் டிப்ஸ் மட்டும் பத்தவே இல்லை.

ஒவ்வொருவரும் மெனு விலையை மட்டும் போட்டிருப்பார்கள், வரியும் டிப்ஸும் யார் தலையிலும் விழவில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே தனித்தனி பில் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லுங்கள், சாப்பிட்டு முடித்த பிறகு பத்து பேருக்குப் பிரிக்கச் சொல்வது அவருக்குப் பெரிய வேலை. ஒரே பில் என்றால் ஒருவர் மொத்தத்தையும் டிப்ஸோடு கட்டிவிட்டு, பிறகு போனில் மற்றவர்களிடம் வாங்கிக்கொள்வதுதான் நிம்மதி. அவரவர் விலையோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் வரி, டிப்ஸ் இரண்டும் அடங்கிவிடும், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்னதாக 9-ஐ ஒருமுறை பாருங்கள், பத்து பேர் என்றால் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள்.

21. இந்தப் பழக்கத்தையே ஒழிக்கலாமே? எல்லாத்தையும் விலையிலயே சேர்த்துட்டா என்ன?

நானும் அதைத்தான் விரும்புகிறேன். டிப்ஸ் இந்த நாட்டில் ஆரம்பத்தில் விரும்பப்பட்டதே இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பா போய்வந்த பணக்காரர்கள் கொண்டு வந்த பழக்கம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைச் சம்பளமே இல்லாமலோ சொற்பச் சம்பளத்துக்கோ வேலைக்கு வைக்க முதலாளிகளுக்கு வசதியாகப் போய்விட்டது. ரயிலில் படுக்கை விரித்துக் கொடுத்த புல்மன் கம்பெனியின் போர்ட்டர்கள் டிப்ஸை நம்பித்தான் பிழைத்தார்கள், 1925-இல் சங்கம் அமைத்து, நல்ல சம்பளம் கேட்டுப் போராடி, 1937-இல் கம்பெனியை ஒப்பந்தத்துக்கு வரவைத்தார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே போட்டது, இன்னும் சில மாநிலங்களும் போட்டன, 1926-க்குள் எல்லாமே நீக்கப்பட்டுவிட்டன.

நம் காலத்திலும் முயற்சி நடந்தது. நியூயார்க்கில் டேனி மேயர் 2015-இல் தன் ரெஸ்டாரண்டுகளில் டிப்ஸை நிறுத்தி விலையை ஏற்றினார், 2020-இல் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். ஒரு கடை மட்டும் மாறினால் அதன் மெனு பக்கத்துக் கடையைவிட விலை கூடியதாகத் தெரியும், நல்ல சர்வர்களும் அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். சட்டம் மாறினால்தான் மாறும், ஓட்டுரிமை உள்ளவர்கள் தங்கள் மாநிலத்தில் இது வாக்கெடுப்புக்கு வரும்போது கவனியுங்கள். அதுவரை, முறை பிடிக்கவில்லை என்று டிப்ஸ் கொடுக்காமல் வந்தால் அந்த எதிர்ப்பு சட்டத்தைத் தொடாது, அன்று இரவு உங்களுக்குப் பரிமாறியவரைத்தான் தொடும்.

22. நான் ஸ்டூடண்ட், கையில காசே இல்லை. அப்போ வெளியிலயே சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம், இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கவுன்டரில் ஆர்டர் செய்து, நம்பர் கூப்பிட்டதும் நாமே தட்டை எடுத்துக்கொள்ளும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, அங்கே டிப்ஸ் பற்றிய கவலையே வேண்டாம். பார்சல் வாங்கிப் பூங்காவிலோ அறையிலோ சாப்பிட்டால் 11-ஆம் பதில். டெலிவரிதான் இருப்பதிலேயே செலவானது, ஆப் விலை, ஃபீ, டிரைவர் டிப்ஸ் எல்லாம் சேர்ந்து சாப்பாட்டின் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். அறையில் இருக்கும் நான்கு பேரும் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டு, ஆளுக்கு ஒன்றரை டாலர் டிப்ஸ் போட்டால் டிரைவருக்கும் ஆறு டாலர் ஆச்சு.

பிறந்தநாள், வேலை கிடைத்த நாள் என்று உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுவீர்கள். அன்று கையில் 30 டாலர் இருந்தால் மெனுவில் 23 டாலருக்குள் ஆர்டர் செய்யுங்கள். இரண்டு டாலர் வரி, நாலரை டாலர் டிப்ஸ், சரியாக வரும். பானம் வேண்டாம், தண்ணீர் போதும் என்று சொல்லலாம், பணம் வாங்காமல்தான் தருவார்கள்.